கடலைக் கொல்லை வழியாக

தீபத்தன்று ஊரெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் என் கடலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கிரிவலம் வருகிறவர்களுக்கு வேலியோரம் பச்சையாக எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. 'ஒரு செடிதானே' என்று பிடுங்குவார்கள். ஆயிரமாயிரம் பேர் போகிற சாலையில் ஆளுக்கு ஒரு செடி என்றால் எனக்கு என்ன மிஞ்சும்? அதனால் எல்லோருக்கும் விடுமுறையான அந்த நாளில் நான் மட்டும் ஒரு மூங்கில் குச்சியோடு வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். பக்கத்து ஊரான அடி அண்ணாமலைப் பிள்ளைகள் எனக்குக் 'குச்சியம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்த பிறகு இன்னும் நீளமான குச்சியாகப் பார்த்து வெட்டிக்கொண்டேன்.

என் நிஜப் பேர் சந்திரகலா. கடலை ஆராய்ச்சி நிலையத்தில் விதைப் பிரிவு என் பொறுப்பு. நிலையம் கிரிவலப் பாதையின் வடக்கே, சாலையை ஒட்டி நீளமாகக் கிடக்கும். மேற்குக் கோடியில் என் சோதனைக் கொல்லை. கிழக்குக் கோடியில் விதைக் கிடங்கு, அதை ஒட்டி சிலிண்டர் வைக்கும் கொட்டகை. நடுவில் ஆபீஸ், களம், இரண்டு புளியமரம்.

அந்தக் கொல்லையில் இருந்தது சாதாரணக் கடலை இல்லை. பூக்கிற நேரத்தில் மழை ஏமாற்றினாலும் காய் பிடிக்கிற ஒரு ரகத்தை நான்கு வருஷமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்திருந்தேன். பருப்பின் தோல் கருஞ்சிவப்பாக இருக்கும். அந்த வருஷம் கார்த்திகை தீபம் வந்தபோது அறுவடைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்திருக்கிறவள் மாதிரி இருந்தேன். யாராவது வேலிப்பக்கம் தும்மினால்கூட எனக்குக் கோபம் வந்தது.

போபாலில் வாயு கசிந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரம் அது. எங்கள் கொட்டகையில் இருந்தது அந்த வாயு இல்லை. விதையில் வண்டு விழாமலிருக்க மூடிய கிடங்குக்குள் விடுகிற வாயு. நிறம் கிடையாது. காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும். வண்டைக் கொல்வது ஆளையும் கொல்லும். அதனால்தான் கண்ணை எரிக்கிற மருந்து ஒன்றைக் கொஞ்சம் கலந்து அனுப்புவார்கள், எரிந்தால் ஓடிவிடு என்று. போபால் செய்தியைப் பேப்பரில் படித்த மறுநாளே நான் தாலுகா ஆபீசுக்குப் போய்த் தாசில்தார் ராஜேந்திரன் எதிரில் உட்கார்ந்தேன். மேலே இருந்து உத்தரவு வரட்டும் என்றார். வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்றேன். சாப்பாட்டு நேரம் தாண்டியும் நான் எழுந்திருக்கவில்லை என்று கண்டதும் இன்ஸ்பெக்டர் சகாதேவனைக் கூப்பிட்டனுப்பினார்.

அப்படித்தான் எங்கள் மூவரின் ஏற்பாடு பிறந்தது. கசிவு என்றால் நான் போன் செய்ய வேண்டும். போலீஸ் சாலையின் இரண்டு பக்கமும் மறிக்க வேண்டும், மேற்கே அடி அண்ணாமலைப் பக்கமிருந்து வருகிறவர்களை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். தீயணைப்பு வண்டி கிழக்கே வேங்கிக்கால் பக்கமாக வர வேண்டும். யார் வாயிலும் 'விஷவாயு' என்ற சொல் வரக்கூடாது. வந்தால் வாயு கொல்வதைவிட நெரிசல் ஜாஸ்தி பேரைக் கொல்லும். 'மூட்டை பிரிந்துவிட்டது' என்று நான் சொன்னால் போதும். ஆடி மாதத்தில் ஒருநாள் ஒத்திகைகூடப் பார்த்தோம். பஸ்சும் கட்டை வண்டியும் சமர்த்தாகத் திரும்பிப் போயின. சகாதேவன் மீசையை நீவிவிட்டுக்கொண்டார்.

தீபத்தன்று பிற்பகல் மக்பூல் பாய் ஓடிவந்தார். மக்பூல் எங்கள் கிடங்கின் டெக்னீஷியன், நிதானமான ஆள். ஓடி நான் பார்த்ததில்லை.

"மேடம், சிலிண்டர் வால்வு கழுத்துல விரிசல். சீறுது. முகமூடி போட்டுக்கினு போயி பாத்தேன், திருகுனா மறை தேஞ்சி சும்மா சுத்துது. அடைக்க முடியாது."

"எவ்ளோ இருக்கு உள்ள?"

"நேத்துதான் வந்த சிலிண்டர். முழுசா இருக்கு."

எழுந்து நின்று காற்றைப் பார்த்தேன். புளியமர இலை காட்டிக்கொடுத்தது. வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. கொட்டகையிலிருந்து நேரே சாலைக்கு, சாலையைத் தாண்டி மலையடிவாரத்துக்கு. அந்தச் சாலையில்தான் நான்கு மாவட்டத்து ஜனமும் நடந்து வந்துகொண்டிருந்தது.

ஆபீஸ்களுக்குப் போன் செய்திருந்தால் அன்றைக்கு மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கும். எல்லா அதிகாரிகளும் கோயிலில்தான் இருப்பார்கள் என்று தெரிந்து, திருவிழாக் கட்டுப்பாட்டு அறையின் நம்பரை முந்தின வாரமே சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். ராஜேந்திரனைக் கூப்பிடச் சொன்னேன்.

"சார், மூட்டை பிரிஞ்சிடுச்சு."

அந்தப் பக்கம் மேளமும் மைக்கும் காதைப் பிளந்தன.

"பெரிய மூட்டையா?"

"முழு மூட்டை. காத்து ரோட்டுப் பக்கம் அடிக்குது."

"சரி. சகாதேவன் பக்கத்துலதான் நிக்கிறாரு, இதோ கெளம்பிட்டாரு. வண்டிய வேங்கிக்கால் வழியா அனுப்பறேன். ஆர்.டி.ஓ. கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க யாருக்கும் காத்துக்கினு இருக்காதீங்க."

மேலே இருந்து உத்தரவு வரட்டும் என்று சொன்ன அதே மனிதர். அவருக்கு அந்த இடத்திலேயே ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது.

அடுத்த சில நிமிடங்கள் எல்லாம் ஒத்திகையில் பார்த்தபடியே நடந்தன. கொட்டகைக்கு எதிரே அப்போது நடந்துகொண்டிருந்தவர்களை எங்கள் ஆட்கள் 'சீக்கிரம் போங்க, தீபம் ஏத்தப் போறாங்க' என்று சொல்லியே கிழக்கே விரட்டிவிட்டார்கள். பொய்தான், ஆனால் கால்கள் வேகமாக நடந்தன. மேற்கே போலீஸ்காரர்கள் கயிறு கட்டினார்கள். சாலை நடுவே ஒரு துண்டு காலியானது. மக்பூல் தன் சோதனை விளக்கைக் கொளுத்திக்கொண்டு அந்தத் துண்டின் ஓரத்துக்குப் போனார். அந்த விளக்கின் சுடர் சுத்தமான காற்றில் சாதாரணமாக எரியும். வாயு பட்டால் பச்சையாகும். சாலையை நெருங்கும்போதே பச்சை. அவர் கையைத் தூக்கி எனக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

கயிற்றண்டை போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. கூட்டம் நின்றது, ஆனால் திரும்பவில்லை. போலீஸ்காரர்கள் விசில் ஊதி, கையை வீசி, தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பின்னாலிருந்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். முன்வரிசை கயிற்றில் அழுந்த ஆரம்பித்தது.

"பாதி மலைய சுத்தியாச்சி, இப்ப திரும்புன்னா?" என்றார் ஒருவர். "மலைய எடக்கைப் பக்கம் வெச்சிக்கினு நடக்கறதா? எங்கனா உண்டா சார்?"

முன்வரிசையில் மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள் கயிற்றைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழ்பென்னாத்தூர்க்காரி, பேர் சரோஜா என்று பிறகு தெரிந்தது.

"எம் மவ மொத புள்ளைக்கி ஆஸ்பத்திரில கெடக்கறா. ரெண்டு உசுருக்கும் வேண்டிக்கினு வந்திருக்கேன். அடிச்சாலும் திரும்ப மாட்டேன், போ."

அவள் உட்கார்ந்த இடத்துக்கும் மக்பூலின் விளக்கு பச்சையான இடத்துக்கும் நடுவில் ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. காற்று கொஞ்சம் சாய்ந்தால் முதலில் அவள்தான். வாயு தரையோடு வரும். அவளோ தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சகாதேவன் புல்லட்டில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வியர்வை.

"மேடம், தடியெடுத்தா திருப்பிடலாம். ஆனா பின்னால அடி அண்ணாமலை வரைக்கும் தலைதான். திருப்புனா நெரிசல்ல மிதிபட்டே சாவாங்க."

"ஒத்திகைல எல்லாம் திரும்பிச்சே சார்?"

"ஒத்திகைல வந்தது பஸ்சு. டிரைவருக்கு இன்னா வேண்டுதலா?" என்றார் எரிச்சலாக. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவங்களச் சொல்லி குத்தமில்ல. நானே திரும்ப மாட்டேன் மேடம்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. நான் பிறந்தது தேரடித் தெரு. சகாதேவன் வேங்கிக்கால். ராஜேந்திரன் செங்கம் சாலை. மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும் என்று பால்குடி மறக்கும் முன்பே கற்றுக்கொண்ட மூன்று பேர். வேறு ஊர்க்காரன் ஒருவன் எங்களோடு இருந்திருந்தால், 'நடக்கிறவர்கள் திரும்புவார்களா' என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பான். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, கேட்கவே தோன்றவில்லை. ஆபீஸ் மேஜையில் வரைபடத்தை விரித்ததும் மூவரும் அதிகாரிகளாகிவிட்டோம்.

திரும்ப மாட்டார்கள். நிற்கவும் இடமில்லை. மலைப்பக்கமாக ஒதுக்கினால் காற்று அங்கேதான் போகிறது. மலையை வலப்பக்கமே வைத்துக்கொண்டு, காற்று வருகிற பக்கமாக, அவர்கள் முன்னாலேயே போக வேண்டும். அப்படி ஒரே ஒரு வழிதான் இருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில், வலுவான கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், கையில் குச்சியோடு நான் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த வழி.

என் கடலையைப் பார்த்தேன். ஈர மண்ணில் வரிசை வரிசையாக, இலை மஞ்சளாகத் திரும்புகிற பருவத்தில், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முளைக்குச்சியோடு நின்றது. மாற்று விதை என்று நான் எடுத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டகையை ஒட்டிய கிடங்கில் இருந்தது. அத்தனை வாயு ஏறிய விதை இனி முளைக்குமோ என்னவோ. இதுதான் மிச்சம்.

"சார், கம்பிய அறுக்கச் சொல்லுங்க" என்றேன்.

சகாதேவன் கொல்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வருஷம் அவர் கான்ஸ்டபிள் ஒருவர் இரண்டு செடி பிடுங்கியதற்கு ஸ்டேஷன்வரை போய் நான் போட்ட சத்தம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

"உங்க கடல மேடம்."

"கடலய அப்புறம் பாத்துக்கலாம். இந்த மூலைல பூந்து, களத்துக்குப் பின்னால போயி, பின்வாசல் வழியா வேங்கிக்கால் வண்டிப்பாதை. அங்கேர்ந்து ரோட்டுல ஏறிக்கலாம். மலை சோத்துக்கைப் பக்கமே இருக்கும். சொல்லுங்க சார், சீக்கிரம்."

அவர் மைக்கை வாங்கினார். அந்த மனிதருக்கு இவ்வளவு இனிமையான குரல் இருந்தது அன்றுதான் தெரியும். "பக்தகோடிகளே, இன்னிக்கி வழி இந்தப் பக்கம். மலைய வலமாத்தான் சுத்தறோம், கொஞ்சம் பெருசா சுத்தறோம். தள்ளாம வாங்க. பெரியவங்க, புள்ளைங்கள மொதல்ல விடுங்க."

கம்பி அறுந்தது. சரோஜா எழுந்து மலையைப் பார்த்தாள், கொல்லையைப் பார்த்தாள், வலக்கையை நீட்டி மலை அந்தப் பக்கமே இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டாள். பிறகுதான் உள்ளே காலை வைத்தாள். அவள் பின்னால் எல்லோரும் வந்தார்கள்.

முதல் முளைக்குச்சி சாய்ந்தது. பிறகு நான் முளைக்குச்சிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வழி தப்பிக் கொட்டகைப் பக்கம் யாரும் போய்விடாமல், மூங்கில் குச்சியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, "இப்படிப் போங்க, இப்படிப் போங்க" என்று கத்திக்கொண்டே இருந்தேன். மண் சேறாகி, சேறு கெட்டியாகி, கொல்லை சாலை மாதிரி ஆனது. நடக்கிறபோதே குனிந்து செடியைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக் காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டும் போனார்கள். என் கண்ணெதிரில். கை நமநமத்தது, ஆனால் அந்தக் குச்சிக்கு அன்று வேறு வேலை.

மக்பூல் பாய் சோதனை விளக்கோடு கூட்டத்தின் ஓரமாகவே முன்னும் பின்னும் நடந்தார், காற்று மாறுகிறதா என்று பார்க்க. தீபத்தன்று கையில் சுடரோடு ஒருவர் நடந்தால் நம் ஜனம் சும்மா விடுமா? வழியெல்லாம் கைநீட்டிச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். "அம்மா, இது சாமி வெளக்கு இல்லம்மா, மிஷினு" என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஒரு பெரியவர், "எல்லாம் ஒண்ணுதாம்ப்பா" என்று ஒற்றிக்கொண்டு போனார். அதற்குப்பின் பாய் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தியே பிடித்தார். சுடர் அந்தப் பக்கம் கடைசிவரை பச்சையாகவில்லை.

தீயணைப்பு வண்டி சொன்னபடி வேங்கிக்கால் பக்கமாக வந்து, கொட்டகைக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீரைத் திரையாக அடித்தது. சிலிண்டர் தன் பாட்டுக்குச் சீறிச் சீறி அடங்கிக்கொண்டிருந்தது. ராஜேந்திரன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "யாருக்காவது கண்ணு எரியுதா?" ஒவ்வொரு தடவையும் இல்லை என்று எங்கள் கிளார்க் பதில் சொன்னார்.

பொழுது சாய்ந்தது. திடீரென்று கொல்லையில் இருந்த அத்தனை பேரும் நின்றார்கள். எனக்கு உயிரே போனது, காற்று மாறிவிட்டதோ என்று. இல்லை. எல்லோரும் வலப்பக்கம் திரும்பி மேலே பார்த்தார்கள். உச்சியில் தீபம். "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று என் கடலைக் கொல்லையே முழங்கியது. இத்தனை வருஷம் அந்த நேரத்தில் நான் யார் கை வேலிக்குள் நீள்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றுதான் தீபத்தைப் பார்த்தேன். அழுகை வந்தது. தீபத்துக்கா, கடலைக்கா, யாருக்கும் கண் எரியவில்லை என்பதற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை, விளக்கு எங்கேயும் பச்சையாகவில்லை என்று உறுதியான பிறகு, நானும் சகாதேவனும் சாலையில் நடந்தோம். மலைப்பக்க ஓரத்தில், ஜனங்கள் வழக்கமாகக் களைப்பாற உட்காருகிற பள்ளத்தில், ஏழெட்டு ஓணான்களும் ஒரு காக்கையும் செத்துக் கிடந்தன. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கொல்லையைக் கடப்பாரை போட்டுத்தான் கிளற வேண்டியிருந்தது. அந்தப் பருவத்துக் கணக்கெல்லாம் போயிற்று. எந்த வரிசை எது என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. ஆனால் கடலை மண்ணுக்குள் காய்க்கிற பயிர். செடியை மிதிக்கலாம், காயை அவ்வளவு சுலபமாக மிதிக்க முடியாது. நானும் மக்பூல் பாயும் ஆட்களோடு உட்கார்ந்து கட்டி கட்டியாக உடைத்தோம். கருஞ்சிவப்புத் தோல் உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கினதில் ஒரு கூடை தேறியது. ஒரு கூடை போதும்; நான் தொடங்கினபோது ஒரு பிடிதான் வைத்திருந்தேன்.

அடுத்த பௌர்ணமி வந்தது. வேலியை அடைக்கக் கம்பி இன்னும் வந்து சேரவில்லை. சத்தம் கேட்டு ஆபீசிலிருந்து எட்டிப் பார்த்தால், சாலை விரியத் திறந்து கிடக்க, ஒரு கூட்டம் என் கொல்லை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. வேலி இடைவெளியில் யாரோ ஒரு கல்லை நட்டுக் கற்பூரமும் ஏற்றியிருந்தார்கள். குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

முன்னால் வந்தது மஞ்சள் சேலை.

"யாரும்மா உங்கள இப்படி வரச் சொன்னது? ரோடு தெறந்துதானே இருக்கு?"

"ரோட்டுல போறவங்க போகட்டும்மா. நான் அன்னிக்கி இந்த வழியா சுத்திதான் எம் மவ நல்லபடியா பெத்தா. ஆம்பள புள்ள. நான் இப்பிடித்தான் வருவேன்." பிறகு என்னையும் குச்சியையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கி ஒரு அம்மா இதே மாதிரி குச்சிய வெச்சிக்கினு நின்னுச்சி. ஒரு பக்கம் அழுவற மாதிரி மொகம், ஒரு பக்கம் 'போங்க போங்க'ன்னு எங்கள வெரட்டுது. இன்னா பொம்பளயோ பாவம்."

"நான்தான் அது."

சரோஜாவுக்கு முகம் மாறியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீதானாம்மா? தப்பா நெனச்சிக்காத. போற போக்குல நானும் ரெண்டு செடி புடுங்கித் துன்னுட்டேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய நேரம். வாயைத் திறந்துவிட்டேன்கூட. அதற்குள் அவள் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்:

"எங்க கொல்லையில இந்த வருசம் பூக்கற நேரத்துல மழையே இல்லம்மா. எல்லாம் பொக்கு. உன்னுது மட்டும் எப்பிடிம்மா இப்பிடி ரொம்பி கெடந்துச்சி? எங்களுக்குக் கொஞ்சம் வெத குடுப்பியா?"

நான்கு வருஷமாக யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்று காத்திருந்த கேள்வி அது. இன்னும் மூன்று வருஷச் சோதனை பாக்கி இருந்தது, சட்டப்படி ஒரு காயைக்கூட வெளியே விடக்கூடாது. உள்ளே போய்க் கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தேன். அவள் முந்தானையை ஏந்தினாள்.

"துன்னுடாதே. வெதைக்கணும்" என்றேன், குச்சியை அவள் முகத்துக்கு நேரே நீட்டி. "காய்ச்சதும் வந்து சொல்லணும்."

"சொல்றேம்மா" என்று முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, மலையை ஒருமுறை வலப்பக்கம் பார்த்துவிட்டு, சரோஜா என் கொல்லை வழியாகவே நடந்து போனாள்.